மனமகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்

தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் இந்தக் கட்டுரை மனப்பாடமாகத் தெரியும். கடந்த பள்ளி விடுமுறையின்போது நான் என் குடும்பத்தினருடன் கோலாலம்பூருக்குச் சுற்றுலா சென்றிருப்பேன். விடியற்காலை ஐந்து மணிக்கே அப்பா மகிழுந்தைச் செலுத்தத் தொடங்கியிருப்பார். (மகிழுந்து என்ற சொல்லைக் கட்டுரைத் தாளுக்கு வெளியே நான் எங்கேயும் கேட்டதில்லை.) முதலில் பத்துமலை. அதன் பின்னர் இரட்டைக் கோபுரம். அதனைத் தொடர்ந்து மிருகக்காட்சி சாலை. நடுவில் எங்கோ ஒரு மரத்தடியில் அம்மா கட்டிக்கொண்டு வந்த உணவைச் சுவைத்து உண்டிருப்போம். இறுதியில், களைப்பாக இருந்தாலும், மனமகிழ்ச்சியுடன் வீடு திரும்பியிருப்போம்.

அந்தக் கட்டுரையில் யாருக்கும் மூத்திரம் வராது. யாரும் வாந்தி எடுக்கமாட்டார்கள். நான்கு மணி மழை பெய்யாது. தம்பி என்று ஒருவன் முதல் பத்தியில் காரில் ஏறுவான், அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இருக்காது.

யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். கட்டுரை போகவில்லை. அதை எழுதி வளர்ந்த நாம் இப்போது பிள்ளை பெற்று, அதே கட்டுரையைப் பயணத் திட்டமாக வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுகிறோம். என் புகார் இதுதான்: சின்னப் பிள்ளைகளோடு தலைநகருக்குப் போகிற நம் குடும்பங்கள் பயணத்தைத் திட்டமிடுவதில்லை. திரும்பி வந்து சொல்லவேண்டிய கட்டுரையைத்தான் திட்டமிடுகிறார்கள்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னால் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றும். ரெண்டு நாள், ஒரு ராத்திரி. சனிக்கிழமை பத்துமலை, இரட்டைக் கோபுரம், அக்வாரியா, கேஎல் டவர், ராத்திரி பெட்டாலிங் ஸ்திரீட். ஞாயிறு காலை கெந்திங், அப்படியே இறங்கி புத்ராஜெயா, அப்படியே வீடு. இந்த 'அப்படியே' என்ற சொல்லைப் பாருங்கள். பத்துமலை நகரத்துக்கு வடக்கே பதின்மூன்று கிலோமீட்டர். கெந்திங் வடகிழக்கில், ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், 1,800 மீட்டர் உயரத்தில். புத்ராஜெயா தெற்கில், இன்னொரு கோடியில். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இது சுற்றுலா மாதிரி இல்லை, கூரியர் வேலை மாதிரி இருக்கிறது. அதுவும் சுங்கைப் பட்டாணியிலிருந்தோ தைப்பிங்கிலிருந்தோ ஏற்கெனவே மணிக்கணக்கில் காரில் உட்கார்ந்து வந்த பிள்ளையை மறுபடி காரிலேயே உட்காரவைக்கிற வேலை. அந்தப் பிள்ளையிடம் ஊருக்கு வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டுப் பாருங்கள். தாப்பா ஆர் அண்ட் ஆரில் குடித்த மைலோ ஐஸைச் சொல்லும். உடனே அம்மாவும் அப்பாவும் பதறிப்போய், "டுவின் டவர் பார்த்தியே, மறந்துட்டியா? மாமாகிட்ட சொல்லு" என்று எடுத்துக்கொடுப்பார்கள்.

போன பள்ளி விடுமுறையில் ஒரு சாயங்காலம் இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். நம் ஆட்கள்தான். நான்கு வயதிருக்கும் ஒரு பையன், டைனோசர் படம் போட்ட டீசட்டை, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மணி ஐந்தரை. எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பினார்களோ. அப்பா குனிந்து சொன்னார்: "இவ்ளோ காசு செலவழிச்சுக் கூட்டிட்டு வந்தா அழுவுறியா நீ? ஏந்திரி. சிரி. மாமா போட்டோ எடுக்குறாரு பாரு." முதுகில் ஒன்று வைத்தார். பையன் எழுந்தான். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பல்லைக் காட்டினான்.

அந்த அப்பாவை நான் வில்லனாக்கவில்லை. ஷிப்ட் மாற்றி, லீவு கேட்டு, டோல் கட்டி, பார்க்கிங் தேடி வந்த மனிதர். அவர் சட்டைப் பையிலும் அந்தப் பட்டியல் இருந்திருக்கும், அதில் இன்னும் இரண்டு இடம் பாக்கி இருந்திருக்கும். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை விட முடியாது. இவ்வளவு செலவழித்தேன், ஆகவே நீ சிரிக்கவேண்டும். பிள்ளை கேட்காத கடன் அது. பட்டியல் நீள நீளக் கடனும் ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளையின் உடம்பு திவாலாகிவிடும், அப்போதுதான் நாம் வசூலுக்கு நிற்போம்.

இதற்கு வருகிற பதில்களில் ஒன்றுதான் எனக்கு உண்மையாகப் படுகிறது. "உங்களுக்கென்ன, நினைச்சா போவீங்க. எங்களுக்கு மூணு வருசத்துக்கு ஒரு தடவைதான் முடியும். வந்ததுக்கு எல்லாத்தையும் காட்டிட்டுத்தான போகணும்?" இதை யாரும் அலட்சியமாகத் தள்ளக்கூடாது. நம் சமூகத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு விடுமுறை என்பதே அபூர்வம். ஆனால் இந்த நியாயத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை மறுபடி வரலாம், ஆகவே அது மதியம் தூங்கலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை மறுபடி வரமுடியாது, ஆகவே அது தூங்கக்கூடாது. ஓய்வும் பணக்காரப் பிள்ளைக்குத்தான் என்று நாமே எழுதிக்கொடுத்துவிடுகிறோம். அதோடு, கையில் காசு குறைவு என்றால் பட்டியல்தான் முதல் எதிரி. பட்டியலில் இருக்கிற முக்கால்வாசி இடம் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் கேட்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு மூன்று டிக்கெட் வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை நாம். மூன்றாவது டிக்கெட் பிள்ளைக்காக வாங்கியதே இல்லை, ஊருக்காக வாங்கியது. நாலு மணிக்கு மேல் அந்த வயதுப் பிள்ளைக்கு மீன் தொட்டியும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

மற்ற பதில்கள் வேடிக்கையானவை. "பொது அறிவு வளரும்" என்பார்கள். அதே ஆள், பிள்ளை தோளில் தூங்கிப்போன பிறகு, "எப்படியும் இந்த வயசுல ஞாபகம் இருக்காது, போட்டோ இருந்தா போதும்" என்பார். இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை என்பது உண்மைதான். நினைவில் தங்காது என்றால் மிச்சம் இருப்பது அந்த ஒரு நாள் மட்டுமே. அந்த நாளையாவது நன்றாக வைத்திருக்கவேண்டாமா?

உயரம் என்கிற பைத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். கேஎல் டவர் 421. இப்போது மெர்டேக்கா 118 வந்துவிட்டது, 678.9 மீட்டர். பெரியவர்களுக்கு இந்த எண்களில் ஒரு கிளுகிளுப்பு. நான்கு வயதுப் பிள்ளை ஒரு மீட்டர். கோபுரத்தின் அடியில் நின்றால் அதன் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் பெல்ட், யாரோ விட்ட ஐஸ்கிரீமில் மொய்க்கிற எறும்பு, தண்ணீர் வடிகிற கால்வாய் மூடி. அதற்கு அந்த எறும்பு போதும். எறும்பைப் பார்க்கிற பிள்ளையின் தாடையைப் பிடித்து மேலே நிமிர்த்துகிறோம். அங்கேயும் அது கோபுரத்தைப் பார்ப்பதில்லை, வெயிலைத்தான் பார்க்கிறது.

"சரி, அப்போ என்னதான் செய்யச் சொல்றீங்க?"

முதலில் இடங்களை எழுதாதீர்கள். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், என்ன தின்னும், எவ்வளவு தூரம் நடக்கும், எத்தனை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போகும் என்று எழுதுங்கள். அதன் மேல்தான் நகரத்தை வைக்கவேண்டும். காலையில் ஒரு இடம். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். சாயங்காலம் மழை விட்டால் வெளியே, விடாவிட்டால் ஜன்னல். அவ்வளவுதான். இரண்டு நாளில் மூன்று இடம் பார்த்தால் அது நிறைந்த பயணம்.

டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசை அறையில் போடுங்கள். மதியம் திரும்பமுடியாத தூரத்தில் மலிவாக அறை எடுத்தால், மலிவில் மிச்சமானது கிராப் காரிலும் அழுகையிலும் போய்விடும். கேஎல் சென்ட்ரல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தங்கினால் காலையில் பிள்ளைக்கு இட்லி கிடைக்கும், நடக்கிற தூரத்தில் எல்லா ரயிலும் இருக்கும். காரை ஊரிலேயே விட்டுவிட்டு இடிஎஸ் ரயிலில் வந்தால் இன்னும் நல்லது. ரயிலில் பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம். நெடுஞ்சாலையில் அடுத்த நிறுத்தம் இருபது கிலோமீட்டர் என்று பலகை வைத்திருக்கும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வருமே, அது இதில் கிடையாது.

அதன் பிறகு எல்ஆர்டி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். கிளானா ஜெயா தடத்தில் ஓடுகிற ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை, 1998இல் ஆரம்பித்த நாளிலிருந்தே இல்லை. ஓட்டுநர் அறை இல்லாததால் ரயிலின் முன்பக்கம் ஒரு பெரிய கண்ணாடி. அங்கே போய் நின்றால் தண்டவாளம் நேராக நம் காலடிக்குள் ஓடிவரும். கேஎல் சென்ட்ரலில் ஏறுங்கள். மேம்பாலத்தில் போகிற ரயில் பாசார் செனியில் கிள்ளான் ஆற்றை ஒட்டி நிற்கும். அங்கிருந்து கிளம்பியதும் மூக்கைக் குத்தி இறங்கி மஸ்ஜிட் ஜாமெக்கில் பூமிக்குள் புகுந்துவிடும். இருட்டு. விளக்குகள் வரிசையாக வந்து முகத்தில் அடிக்கும். கேஎல்சிசியில் இறங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அம்பாங் பார்க் தாண்டி டாமாய் வருவதற்குள் ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு ஏறிவரும். என் வீட்டில் நான்கு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்த இடத்தில் இருவரும் கத்திய கத்தலை நான் எந்தப் பார்வையாளர் மாடத்திலும் கேட்டதில்லை. எதிர்ப்பக்க ரயிலில் ஏறி மறுபடி வந்தோம். சில வெள்ளிதான் செலவு.

கேஎல்சிசியில் இறங்கினாலும் மேலே ஏறாதீர்கள், பின்னால் போங்கள். ஐம்பது ஏக்கர் பூங்கா இருக்கிறது. பிரேசில் நாட்டின் ரொபர்தோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்தது, தோட்டக்கலை உலகில் பெரிய பெயர். பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம். அங்கே ஒரு விளையாட்டுத் திடலும் முழங்கால் அளவுத் தண்ணீர்க் குளமும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். மாற்றுடை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கோபுரம் எங்கேயும் போகாது, அங்கேயே பின்னால் நிற்கும். பிள்ளை குளத்தில் நிற்கும்போது தானாக ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம்.

பத்துமலையைச் சுற்றுலா இடங்களின் பட்டியலில் ஐந்தில் ஒன்றாக எழுதுகிறவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. 1892 முதல் தைப்பூசம் நடக்கிற இடம். தோட்டத்திலிருந்து லாரி பிடித்து வந்த நம் பாட்டிகள் ஏறிய மலை. அதை ஒன்பது மணிக்கு இறங்கிப் பத்தேகாலுக்குக் கிளம்புகிற இடமாக ஆக்கிவிட்டோம். அதற்கு ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். அடிக்கடி வராது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் போனால் 272 படி, 2018இல் பூசிய அந்த வானவில் வண்ணத்தோடு, காலியாக இருக்கும். படிகளைத் தமிழில் எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு வண்ணம் மாறும்போதும் நின்று மூச்சு வாங்கலாம். கையில் தின்பண்டப் பை இருக்கவேண்டாம், குரங்கு கேட்டு வாங்காது, பிடுங்கிக்கொள்ளும். தொண்ணூறாவது படியில் பிள்ளை போதும் என்றால் போதும். நேர்த்திக்கடன் உங்களுடையது, பிள்ளையுடையது இல்லை.

தள்ளுவண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலாலம்பூரின் நடைபாதை கார் வைத்திருப்பவன் மனத்தில் உதித்த நடைபாதை. திடீரென்று முடிந்துவிடும், நடுவில் விளக்குக் கம்பம் நிற்கும், சாலையைக் கடக்க மேம்பாலப் படி ஏறச்சொல்லும். இந்த நகரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பவரை நினைத்துக் கட்டியதில்லை என்பதைப் பட்டியல் எழுதுகிற யாரும் சொல்வதில்லை. அவர்கள் தூக்கிக்கொண்டு நடப்பதில்லையே.

இங்கேதான் இலக்கியத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இன்னும் பிள்ளை பெறாதவர்கள், இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைத்திருப்பீர்கள். நமக்குத்தான். தமிழ்ப் பயணக் கட்டுரைக்கு நீண்ட மரபு இருக்கிறது. 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியார் காந்தி ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்து படச்சுருள் சேர்த்தவர், 1940இல் அந்தப் படத்தை வெளியிட்டவர். அவரிடம் போய்ப் பால்புட்டி ஏன் இல்லை என்று கேட்பது அபத்தம். ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அவரளவு வேலையும் இல்லை, ஆனாலும் தனியாளாகவே போகிறார்கள். நம் பயணக் கட்டுரையின் நாயகன் எப்போதும் ஒற்றை ஆண். கையில் ஒரு பை, மனத்தில் ஒரு வெறுமை, ரயில் ஜன்னலில் ஒரு தத்துவம். அவனுடைய பிள்ளைக்கு அந்த வாரம் காய்ச்சல் என்றால் அது கட்டுரையில் வராது. நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "அக்கா, பிள்ளைங்கள இழுத்துக்கிட்டுப் போறது டிராவல் இல்ல, டிரான்ஸ்போர்ட்." நல்ல வாக்கியம்தான். ஆனால் தள்ளுவண்டி நின்றுபோகிற இடத்தில்தான் நகரம் யாருக்காகக் கட்டப்பட்டது என்று தெரிகிறது. அது தெரியாத பயண எழுத்து, நம் ஐந்தாம் ஆண்டுக் கட்டுரையின் தாடி வளர்த்த வடிவம், அவ்வளவுதான். அதிலும் முதலில், பின்னர், அதனைத் தொடர்ந்து. மனமகிழ்ச்சிக்குப் பதில் மனவெறுமையுடன் வீடு திரும்புவார்கள்.

டியூஷன் சொல்லிக்கொடுத்த நாளில் ஒரு மாணவி பள்ளியில் எழுதிய கட்டுரைத் தாளைக் காட்டினாள். அதே தலைப்பு. அவள் தாப்பாவில் கழிப்பறை வரிசையைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முன்னால் பதினைந்து பேர், தம்பி குதிக்கிறான், ஒரு மலாய்க்கார மக்சிக் வழிவிடுகிறார், அதற்குள் தம்பி நனைத்துவிடுகிறான், பாட்டி தன் துண்டை அவன் இடுப்பில் கட்டிவிடுகிறார், அந்தத் துண்டோடுதான் அவன் தலைநகரைப் பார்த்தான். சிவப்பு மையில் எழுதியிருந்தது: கருத்துகள் போதவில்லை. சுற்றுலாத் தலங்களைக் குறிப்பிடுக.

அந்தத் துண்டு எப்படித் தயாராக இருந்தது என்பதுதான் என் கேள்வி. யாரோ ஒருத்தி யோசித்து எடுத்து வைத்திருக்கிறாள். வேஸில் வழி பார்ப்பதைத்தான் வீட்டில் திட்டமிடுவது என்கிறோம். மாற்றுடை இரண்டு, வாந்திக்குப் பிளாஸ்டிக் பை, சுடுதண்ணீர் பிளாஸ்க், யூக்கலிப்டஸ் எண்ணெய், உறைப்பு தின்னாதவனுக்கு ரொட்டி, இதையெல்லாம் முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து அடுக்குகிறவள் திட்டமிட்டதாக யாரும் சொல்வதில்லை. அங்கே போய் அவள் கண்டுபிடிப்பதும் அப்படித்தான் காணாமல் போகிறது: எந்தப் பேரங்காடியில் பால் கொடுக்க அறை இருக்கிறது, எந்த நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறது, எந்த மாமாக் கடையில் கேட்டால் உறைப்பில்லாமல் சாம்பார் ஊற்றுவார்கள். கோலாலம்பூரைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை என்றால், நம் இலக்கியத்துக்கு ஏதோ கோளாறு.

என் தங்கைக்கு மூன்று பிள்ளைகள். இந்த நகரத்தின் கழிப்பறைகளை வைத்தே வரைபடம் போட்டுவிடுவாள். ஒரு கட்டுரை எழுதித் தா, நான் எடிட் பண்ணித் தருகிறேன் என்று போன வாரம் கேட்டேன்.

"எழுதலாம்க்கா. சின்னது தூங்கட்டும். இப்ப டயப்பர் முடிஞ்சிருச்சு, கடை மூடுறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்."